துரை எல்லை தாண்டிய நாள்

எங்கள் அப்பா வருடத்தில் பதினைந்து நாள் மட்டும் துரை. மற்ற நாளெல்லாம் ஆண்டிமடத்தில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறவர். "யோவ், டீ சொல்லிட்டு வாய்யா" என்று அவரை ஏவுகிற முதலாளியே, மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வந்தால் "தொரைங்களுக்கு வணக்கம்" என்று கும்பிடுவார். முன்னோர் ஜமீன். நிலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. பட்டம் மட்டும் மூத்த மகன், அவருடைய மூத்த மகன் என்று வந்துகொண்டிருந்தது. துரை பரிவட்டம் கட்டிக்கொண்டு வடத்தைத் தொட்ட பிறகுதான் தேர் நகரும். அந்தப் பதினைந்து நாளும் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. காப்புக் கட்டிவிட்டால் துரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தேர் நட்ட நடுத்தெருவில் நின்றுவிடும். இதை எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லும்.

நான் நாலாவது முடித்த வருடம். தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நிறைமாதமாக இருந்த அம்மாவுக்குக் காலையில் வலி கண்டுவிட்டது. அத்தை அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரியலூருக்குப் புறப்பட்டாள். அப்பாவும் நானும் கூடவே ஓட்டமும் நடையுமாகப் போனோம். முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில் எல்லைக்கல் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். அம்மா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, என்னைப் பார்த்து, "அப்பாவச் சாப்பிட வையிடி" என்றாள்.

மதியம் அத்தை போன் செய்தாள். அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ரொம்ப ரத்தம் போயிருச்சுண்ணே. அவ வகை ரத்தம் இங்க கைவசம் இல்லியாம். ஒனக்கும் அதே வகைதானே, ஒடனே கெளம்பி வாண்ணே!"

அப்பா கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டையே பார்த்தார். பிறகு காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "சாமி மாடத்துல வச்சுரு பாப்பா. யாரு கேட்டாலும் அப்பா தூங்குறாருன்னு சொல்லு." மோட்டார் சைக்கிளைத் தோப்புக்குள் தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்தார்.

சாயங்காலப் பூசைக்கு அழைக்கப் பூசாரி வந்தார். "ஏன் பாப்பா, தொரைங்க இந்நேரத்துலயா தூங்குறாங்க?"

"வயித்தால போவுது" என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் வண்டி நிற்கும் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, நல்லாத் தூங்கட்டும்" என்று வாசலிலேயே துண்டை விரித்து உட்கார்ந்தார். அப்பாவைத் தேடி வந்தவர்களையெல்லாம் ஒவ்வொரு சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மனுஷன் நன்றாக ஏமாந்தார் என்று நான் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா கொல்லைப்பக்கமாக வந்தார். "தம்பி பொறந்துட்டான். அம்மா கண்ணு முழிச்சுட்டா" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். காப்பை நான்தான் திரும்பக் கட்டிவிட்டேன். ரிப்பனுக்குப் போடுகிற பூ முடிச்சு. வேறு முடிச்சு எனக்குத் தெரியாது.

தேரன்று பரிவட்டம் கட்டிய பூசாரி அந்த முடிச்சைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அப்பாவின் மாலையிலிருந்து ஒரு சரத்தைப் பிய்த்து அதன்மேல் சுற்றி மறைத்துவிட்டார். அப்பா வடத்தைத் தொட்டார். தேர் நின்றதா என்ன? அது பாட்டுக்கு நாலு வீதியும் சுற்றி, மற்ற வருடங்களைவிடச் சீக்கிரமே நிலைக்கு வந்து சேர்ந்தது. நான் குதியோ குதியென்று குதித்தேன்.

அடுத்த வருடம் பரிவட்டத்தைச் சித்தப்பாவுக்குக் கட்டச் சொல்லிவிட்டார் அப்பா. பூசாரி எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை. திருவிழா நாளிலும் உரக்கடைக்குப் போனார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சித்தப்பாதான் பிடுங்கிக்கொண்டார் என்று அவரோடு பேசுவதையே விட்டேன். அப்பாவிடமும் சண்டை போட்டேன்.

"ஏம்ப்பா விட்டுக் குடுத்தே? சாமிக்குக் கோவமே இல்லியே. தேருதான் நல்லா ஓடிருச்சே!"

"ஆமா பாப்பா, தொரை எல்லை தாண்டியும் ஓடிருச்சு" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகம் ஏன் அப்படி விழுந்துபோனது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அன்றைக்குத் தேர் நடுத்தெருவில் நின்றிருந்தால், அவர் கடைசிவரை துரையாகவே இருந்திருப்பார்.