பதியாமல் விட்ட முப்பத்தொரு நாள்

1. பூட்டிய கதவு

கொரோனா வந்த அந்த மார்ச் மாதத்தில் எங்கள் கந்தோரின் கதவைப் பூட்டினார்கள். கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தின் ஆர்பைட்ஸ்அம்ட், வேலைவாய்ப்பு அலுவலகம் அது. அந்தப் பெயரை அரசாங்கம் மாற்றிக் கனகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் வேலை போனவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் இன்னும் ஆர்பைட்ஸ்அம்டுக்குத்தான் போகிறான். வேலை இழந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதும், அதுவரை அவர்கள் கட்டிய காப்புறுதியிலிருந்து மாதாமாதம் காசு கிடைக்க வழி பார்ப்பதும் எங்கள் தொழில். இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தேன்.

கதவைப் பூட்டியதும் தொலைபேசி பிடித்துக்கொண்டது. காலை எட்டு மணிக்குக் காதில் மாட்டினால் மத்தியானம் வரை கழற்ற நேரமில்லை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவர்கள், ஹோட்டலில் படுக்கை விரித்தவர்கள், கண்காட்சிகளுக்கு மேடை அடித்தவர்கள் என்று ஒவ்வொரு தொழிலாக வரிசையில் வந்தது. ஒரு பெண் தன் பெயரைக்கூடச் சொல்லாமல் பத்து நிமிடம் அழுதார். முடிந்ததும் "டாங்கே" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரேயொரு நன்றி அதுதான்.

தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இப்போது இந்த வேலைக்குப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்துத் தந்து என்னைப் பற்றி நல்ல மாதிரிப் பேசினார்கள். அந்தப் பேச்சில் இல்லாத விஷயம் இது.

2. துடக்கு நாளுக்குக் காசு வேண்டாம் என்றவர்

என் பிழை நடந்தது கதவு பூட்டுவதற்கு முந்தின மாதம், பெப்ரவரியில்.

யோகராசா என்று ஒருவர். நாற்பத்தேழு வயது. இந்த நகரத்து ரெஸ்ரோரன்ட் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, பதினொரு வருடத்தில் அடுப்படிக்குப் பொறுப்பாக வந்தவர். முதலாளிக்கு வயது போய்க் கடையை மூடினபோது வேலை போனது. அவருக்கு ஒரு வருடக் காப்புறுதிக் காசு எழுதினோம். அது ஏப்ரல் இருபத்துநாலாம் திகதி முடியும். மே முதலாம் திகதி கொலோனில் ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் வேலை. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இடையில் ஒரு கிழமை, ஏழு நாள்தான். என் கோப்புகளிலேயே கவலை இல்லாத கோப்பு அவருடையது என்று நினைத்திருந்தேன்.

அவருக்கு அந்த வேலை சம்பளத்துக்கு மட்டும் இல்லை. மனைவியும் மகள் துளசியும் ஊரில், கொக்குவிலில் இருந்தார்கள். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவர். இங்கே நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்ததே முந்தின வருடம்தான். உடனே இரண்டு பேருக்கும் விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். ஜூலையில் துளசிக்குப் பதினெட்டு முடிகிறது. அந்த நாளில் தகப்பன் அரச உதவி இல்லாமல், சம்பளத்தில் அல்லது தான் கட்டிய காப்புறுதிக் காசில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை இனி வளர்ந்த ஆள், தகப்பனோடு சேர வர முடியாது. இதை வெளிநாட்டவர் கந்தோரில் அவருக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் எனக்குப் பத்துத் தரம் சொன்னார்.

அன்றைக்கு வந்தபோது சவரம் செய்யாத முகம். பாரிசில் தமையன் செத்துப்போனார். தமையனுக்கு ஆண்பிள்ளை இல்லை, கொள்ளி வைக்க வேண்டியவர் இவர். கொள்ளி வைத்தவர் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, காத்து அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அதற்காக என்னிடம் ஒரு கோரிக்கையோடு வந்திருந்தார்.

"அண்ணை, அந்த முப்பத்தொரு நாளுக்கும் என்ரை பேரைப் பதிவிலை இருந்து வெட்டி விடுங்கோ. வந்து திரும்பப் பதியிறன். துடக்கோடை இருக்கேக்கை நீங்கள் வேலைக்குக் கூப்பிட்டாலும் வர ஏலாது. வர ஏலாத நாளுக்குக் காசு எடுக்கிறது சரியில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. மனுசனுக்கு விவரம் போதாது என்று நினைத்தேன். வேலை இல்லாதவருக்கு மூன்று கிழமை வெளியூர் போக அனுமதி உண்டு, காசும் நிற்காது. அதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். இருபத்தோராம் நாள் திரும்பி வாரும், அந்தியேட்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறது, பஸ்ஸில் ஒரு நாள் போய் வரலாம், காசை ஏன் தண்ணீரில் விடுகிறீர் என்று கேட்டேன். செத்த வீட்டுச் செலவும் அவருடைய தலையில்தான் என்று எனக்குத் தெரியும்.

துடக்கை இடையில் முறிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கந்தோரில் இருக்கும் படித்த மனுசன், அதுவும் எங்கட ஆள், சொல்கிறாரே என்று தலையாட்டினார். நான் மூன்று கிழமை அனுமதியைக் கணினியில் பதிந்தேன். அவர் கேட்டதைப் பதியவில்லை. கேட்டுவிட்டுப் பிறகு கைவிட்ட கோரிக்கையை ஏன் பதிய வேண்டும் என்று விட்டுவிட்டேன். அன்று பின்னேரம் மனைவியிடம் என் கெட்டித்தனத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

3. ஏழு நாள்

ஏப்ரலில் தொழிற்சாலை மூடியது. கன்ரீனும் மூடியது. அவர்கள் நல்லவர்கள், ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை. தொடங்கும் நாளை மட்டும் ஒகஸ்ட் முதலாம் திகதிக்குத் தள்ளிவைத்தார்கள். யோகராசாவின் காப்புறுதிக் காசு ஏப்ரல் இருபத்துநாலோடு முடிந்துவிட்டது. பொறுங்கோ, ஏதாவது வழி வரும் என்று தொலைபேசியில் சொன்னேன். எந்த வழி என்று எனக்கும் தெரியாது.

மே மாதக் கடைசியில் வழி வந்தது. இந்த நெருக்கடியில் புது வேலை தேட முடியாது என்பதால், காசு முடிகிறவர்களுக்கு மூன்று மாதம் கூட்டிக் கொடுக்கச் சட்டம் போட்டார்கள். யாரும் அன்ட்ராக், விண்ணப்பப் படிவம், நிரப்பத் தேவையில்லை, கடிதம் தானாக வரும். அந்தக் கிழமை தொலைபேசி எடுக்க எனக்கே ஆசையாக இருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஆட்களுக்கு நல்ல செய்தி சொல்கிறேன். ஒரு கிழவர் மறுமுனையில் மனைவியைக் கூப்பிட்டு, என்னையே அவருக்கும் ஒருமுறை சொல்லச் சொன்னார்.

பத்து மணிபோல யோகராசா அழைப்பு எடுத்தார்.

"அண்ணை, மூண்டு மாதம் கூட்டித் தாறாங்களாம், உண்மையோ?"

ஓம் என்றேன். சொல்லிக்கொண்டே அவருடைய கோப்பைத் திறந்தேன். மறுபக்கத்தில் அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். அப்படியென்றால் துளசிக்குப் பதினெட்டு முடிகிற நாள் தாண்டும், ஒகஸ்டில் கன்ரீன் தொடங்கும், வெளிநாட்டவர் கந்தோருக்கு இன்றைக்கே எழுதலாம் என்றார். இதற்கிடையில் நான் சட்டத்தின் வரியை இன்னொரு தரம் வாசித்தேன். மே முதலாம் திகதியிலிருந்து வருடக் கடைசிக்குள் காசு முடிகிறவர்களுக்கு மட்டும். அவருக்கு ஏப்ரல் இருபத்துநாலு. ஏழு நாள் முந்தி.

சொன்னேன்.

பிறகு கேட்டார். "அந்த முப்பத்தொரு நாளையும் வெட்டியிருந்தால் எப்ப முடிஞ்சிருக்கும்?"

பெயரை வெட்டியிருந்தால் அந்த நாட்கள் செலவாகியிராது, பின்னால் போய்ச் சேர்ந்திருக்கும். கணக்குப் பார்க்கவே தேவையில்லை.

"மே இருபத்தைஞ்சு," என்றேன்.

"நான் கேட்டனான்தானே, அண்ணை."

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசத் தெரியாத மனுசன்.

அடுத்த அழைப்பை நான் எடுக்கவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, அதைவிட என்மேல் பயங்கரக் கோபமாக இருந்தது.

4. "உங்களுக்குச் சொந்தமா?"

கைமாற்றாகக் காசு கொடுக்க எங்கள் ஆட்களில் பத்துப் பேர் வந்திருப்பார்கள். நானும் கொடுக்கத் தயார். ஆனால் கடன் வருமானம் ஆகாது. ஜொப்சென்டரில் போய் அரச உதவி எடுத்தால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கிடைக்கும், ஆனால் விசாவுக்கு அதுவே நஞ்சு. அவருக்கு வேண்டியது ஜூலையில் காட்ட ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை எங்கள் கந்தோர் மட்டும்தான் கொடுக்கலாம்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவர் லென்ஸ் என்ற ஜெர்மன் பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், நேர்மையானவர், சட்டம் தெரிந்தவர். அவரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இந்த மனுசன் தன் பெயரை வெட்டச் சொல்லிக் கேட்டார், நான்தான் மறித்தேன், பிழை என்னுடையது, அந்த முப்பத்தொரு நாளைத் திருப்பித் தாருங்கள் என்றேன்.

அவர் கோப்பைத் திறந்து பெப்ரவரிப் பக்கத்துக்குப் போனார். மூன்று கிழமை அனுமதி, காரணம் குடும்பத்தில் இறப்பு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"அவர் அப்படிக் கேட்டார் என்று எங்கே இருக்கிறது?"

என் ஞாபகத்தில் இருக்கிறது என்றேன்.

"நீங்கள் அன்று கொடுத்த ஆலோசனையில் பிழை இல்லை. பிழை இல்லாததை நான் எப்படித் திருத்துவது?" என்றார். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே, "இவர் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை மேலே இருப்பவர்களும் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்போது எனக்கும் தெரிந்தது. ஒரு தமிழன், இன்னொரு தமிழனுக்காக, மூன்றரை மாதம் கழித்து, வசதியான ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறான்.

பழைய திகதியில் ஒரு குறிப்பு எழுதக் கணினி விடாது. விட்டிருந்தால் எழுதியிருப்பேனோ என்று நீங்கள் கேட்கலாம். எழுதியிருப்பேன். நடந்ததைத்தானே எழுதியிருப்பேன்.

யோகராசாவை மேன்முறையீடு செய்யச் சொன்னேன். அதோடு இணைக்க இரண்டு பக்கத்தில் என் பிழையை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்த நேரம் அது, மனைவி வேண்டாம் என்றா. லென்ஸ் அதை மறிக்காமல் மேலே அனுப்பினார். ஐந்து கிழமையில் பதில் வந்தது. அன்றைய கோப்பில் அப்படியொரு கோரிக்கைக்குச் சான்று இல்லை, பிந்திய நினைவுகூரலை அதற்கு ஈடாக எடுக்க முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்தப் பதில் வந்து ஒன்பதாம் நாள் துளசிக்குப் பதினெட்டு முடிந்தது.

5. ஒப்பந்தம் தொடங்கியது

ஒகஸ்ட் முதலாம் திகதி கன்ரீன் சொன்னபடி திறந்தது. யோகராசா முதல் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய் வெளிநாட்டவர் கந்தோரில் கொடுத்தார். மனைவி வரலாம் என்று எழுதினார்கள். மகளின் விண்ணப்பம், பதினெட்டு முடிந்த நாளில் தகுதி இல்லாததால், நிராகரிக்கப்பட்டது. இரண்டும் ஒரே உறையில் வந்ததாம்.

மனைவி வரவில்லை. அந்த வயதில் பெண்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று கேட்டாவாம்.

இலையுதிர்காலத்தில் டெர்மின், முன்கூட்டியே குறித்த நேரம், உள்ளவர்களை மட்டும் உள்ளே விடத் தொடங்கினோம். யோகராசா டெர்மின் எடுத்து வந்தார். எங்கள் கந்தோருக்கு இனி அவரோடு அலுவல் இல்லை, ஆனால் நல்ல ஜெர்மனில் ஒரு கடிதம் எழுத அவருக்கு வேறு ஆள் தெரியாது. மனைவியின் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும். நான் தாளை எடுத்தேன். பழக்க தோஷத்தில் வாய் திறந்துவிட்டேன். திரும்பப் பெறாமல் தள்ளி வைக்கக் கேட்கலாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது, மகள் படிப்பு விசாவில்கூட என்று தொடங்கினேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை.

"நான் சொல்லுறதை மட்டும் எழுதுங்கோ. உங்கடை யோசனை வேண்டாம்."

அண்ணை என்ற சொல் அதில் இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாலு வரிதான். வாசித்துக் காட்டினேன், கையெழுத்து வைத்தார், எழும்பிப் போனார்.

பிள்ளைகளே, எனக்கு மிச்சம் இருந்த மூன்று வருடமும் ஒரு வேலையை விடாமல் செய்தேன். முன்னால் இருப்பவர் வாயைத் திறந்து எதைக் கேட்டாலும், அது எனக்கு எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகப் பட்டாலும், முதலில் அதை அவருடைய சொல்லில், அன்றைய திகதியோடு பதிவேன். அதற்குப் பிறகுதான் என் புத்தியைச் சொல்வேன். இதற்கு இரண்டு நிமிடம் போகும். வெளியில் வரிசை நீளும், மேலதிகாரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நாளைக்கு என்ன சட்டம் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மனுசனுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தனக்கு எது சரி என்பது மட்டும்தான், அதை நான் ஒரு வரியில்கூட எழுதி வைக்கவில்லை.