மர்ளியா வாங்கிய சின்னக் கார்ட்

மர்ளியாவின் கமராவில் மெமரி கார்ட் போட இரண்டு இடம் இருக்கிறது. ஒன்றில் கார்ட் இருக்கும், மற்றது காலியாகக் கிடக்கும். கலியாண வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் செய்வது, கமராவின் பக்கத்து மூடியைத் திறந்து அந்தக் காலி இடத்தைப் பெண்ணின் உம்மாவுக்குக் காட்டுவது.

"நல்லாப் பாத்துக்கங்க ராத்தா. இதுல ஒண்டும் இல்ல. எடுக்கிறதெல்லாம் இந்த ஒரு கார்ட்டுல தான்."

எல்லாம் முடிந்ததும் அந்தக் கார்ட்டைக் கழற்றி மணப்பெண்ணின் கையில் வைத்துவிடுவாள். ஒரு படம்கூட அவளிடம் தங்காது. எங்கள் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண்கள் வந்து படம் எடுக்க முடியாது. முக்காட்டை எடுத்துவிட்டு, நகை போட்டு, சிரித்துக்கொண்டிருக்கிற பெண்களின் படம் அந்நிய ஆண் கண்ணில் பட்டுவிடக் கூடாது. வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். கமரா ஒன்றுதான் உள்ளே போகும், அது மர்ளியாவுடையது. ஆகவே ஒவ்வொரு கலியாணத்துக்கும் அவள் ஒரு புதுக் கார்ட் வாங்கியாக வேண்டும்.

நான் யூஜினி. தலவிலையில் பிறந்து நுரைச்சோலையில் வாழ்க்கைப்பட்டவள். என் வேலிக்கு அடுத்த வேலி மர்ளியாவுடையது. அவள் படம் எடுக்கும்போது லைட் பிடிப்பது நான். கிறிஸ்தவ வேதக்காரி ஒருத்தி நிக்காஹ் வீட்டில் லைட்டோடு நிற்பதைப் பார்த்து முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது என்னையும் இழுத்து உட்கார வைத்துத்தான் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் சோறு போடுகிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மணப்பெண் யாராக இருந்தாலும் மர்ளியாவுக்கு அவள் 'மகள்'தான். "மகள், நாடிய கொஞ்சம் தூக்குங்க." "மகள், அழுக வந்தா வரட்டும், தொடைக்க வேணாம்." விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் அந்த ஒரு சொல்லில் இளகிவிடுவார்கள். ஊரில் பாதிப் பெண்களை இவள் மகள் என்று அழைத்திருக்கிறாள். பெற்ற மகளை அழைக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

மர்ளியா முதலில் வாழ்க்கைப்பட்டது புத்தளத்து உப்பு வியாபாரி பதுர்தீனுக்கு. பிள்ளை ஸஹ்றா பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் தலாக் ஆகிவிட்டது. பிள்ளையோடு நுரைச்சோலைக்கு வந்தவளை இஸ்ஹாக் கலியாணம் முடித்தார். வெங்காயத் தோட்டம் செய்கிற நல்ல மனுசன். ஆனால் உம்மா மறுபடி முடித்தால் பிள்ளை தகப்பன் வீட்டுக்குத்தான் என்றார்கள். பதுர்தீனின் தங்கை பளீலா வந்து கூட்டிக்கொண்டு போனாள், அவள்தான் வளர்த்தாள். பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. முதலில் பெருநாளுக்குப் பெருநாள் பார்க்க விட்டார்கள். பிறகு பிள்ளைக்குப் படிப்பு என்றார்கள், பிறகு வீட்டில் ஆள் இல்லை என்றார்கள். போக்குவரத்து நின்றே போனது. சண்டை என்றால் ஒருநாள் சமாதானம் ஆகலாம். இது அப்படியுமில்லை.

மகளின் படமென்று அவளிடம் இருப்பது ஒன்றே ஒன்று. பாலர் பள்ளிக் கலைவிழாவில் எடுத்தது. பிள்ளைக்கு வண்ணத்துப்பூச்சி வேஷம், முகத்தில் பாதியை மையும் மினுக்கமும் மறைத்துக் கிடக்கும். மற்றப் பாதியை மர்ளியா எத்தனை தரம் பார்த்திருப்பாளோ, அந்த இடத்தில் படமே வெளுத்துவிட்டது.

போன பெருநாள் கழிந்து பளீலாவிடமிருந்து கோல் வந்தது. "ஸஹ்றாட கலியாணம் மர்ளியா. பொம்புளப் பக்கத்துக்குப் படம் எடுக்க வேற ஆரும் கெடைக்கல்ல. நீங்க வருவீங்களா?"

பெற்றவளைக் கலியாணத்துக்கு அழைத்தால் எங்கே உட்கார வைப்பது, யாருக்கு என்ன சொல்வது என்று ஆயிரம் கதை வரும். படம் எடுக்கிறவளாக வந்தால் ஒரு கதையும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவளுடைய பழைய பட்டன் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மர்ளியா, "ஓம், வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த கையைக் கொஞ்ச நேரம் போனிலிருந்து எடுக்கவேயில்லை.

அடுத்த கிழமை இரண்டு பேரும் புத்தளத்துக்கு பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் றிஸ்மினின் கடை. போனும் அதன் சாமான்களும் விற்கிற பொடியன், பகிடிக்காரன்.

"128 ஜிபி போடுங்க ராத்தா. ஒரே கார்ட்டுல பத்துக் கலியாணம் எடுக்கலாம்." ஒவ்வொரு தரமும் இதைச் சொல்லாமல் விடமாட்டான்.

"ஒரு கார்ட்டுல ஒரு பொண்ணு தான் தம்பி." இவளும் அதையே சொல்லுவாள்.

ஆனால் அன்றைக்கு அவள் கார்ட் பார்த்த பார்வை வேறு. கார்ட்டுகளில் கள்ளச் சாமானும் வருகிறது. வெளியே பெரிய எண்ணை அச்சடித்திருப்பான், உள்ளே அவ்வளவு கொள்ளாது. நிறைந்த பிறகும் படம் விழுவது போலவே காட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாகக் கிடக்கும். மர்ளியா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கடைசியில் 64 ஜிபி ஒன்றை எடுத்தாள், கடையில் இருந்ததிலேயே நல்லது. எடுத்துவிட்டு,

"இன்னொண்டு வேணும். சின்னது. இரிக்கிறதுலயே ஆகச் சின்னது" என்றாள்.

"இப்ப சின்னக் கார்ட்ட ஆரு ராத்தா வாங்குற?" என்று றிஸ்மின் மேசை லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கிளறினான். கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த பழைய 4 ஜிபி கார்ட் ஒன்று கிடைத்தது. உறையில் இருந்த தூசியை ஊதித் தந்தான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் காலி இடத்துக்குத்தான். பஸ்ஸில் அவள் இடுப்பில் கிள்ளினேன். "கள்ளி. ரெண்டாவது இடத்துல போடத்தானே?"

அவள் கடல்நீரேரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெத்தவ நீ. நாலு படம் வச்சிக்கிட்டா ஆர் கேக்கப் போறது? வெளியில விக்கவா போறாய்?" என்றேன். அவள் சின்னக் கார்ட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள். சரி, சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள். புதுக் கார்ட் வாங்கினால் சுவரையோ கோழியையோ நாலு படம் எடுத்துச் சோதித்துப் பார்ப்பது அவளுடைய பழக்கம். அன்றைக்குப் போனால், பெருநாள் சாரியை உடுத்து, தலையை வாரிப் பின்னி, முக்காடு இல்லாமல் மாதுளை மரத்துக்குக் கீழே நிற்கிறாள்.

"என்ன பிள்ள, ஆருக்குக் கலியாணம்?"

"சின்னக் கார்ட்டச் சோதிக்கணும். என்ன எடு."

"சோதிக்கக் கோழி போதாதா?"

"எடுவன் யூஜினி."

எடுத்தேன். கண் மூடிவிட்டது என்றாள். திரும்ப எடுத்தேன். நிழல் விழுகிறது என்றாள். குசினி வாசலில் எடுக்கச் சொன்னாள், கதிரை போட்டு உட்கார்ந்து எடுக்கச் சொன்னாள். "சிரிக்கட்டா?" என்று கேட்டாள். என் அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது. "சிரி, அழு, என்னவும் செய். கார்ட்டுக்கு எல்லாம் ஒண்டுதான்" என்று எரிந்து விழுந்தேன். அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

கலியாணம் புத்தளத்தில் ஒரு மண்டபத்தில். பளீலா வாசலுக்கே வந்துவிட்டாள். பாவம், அவளுக்கும் எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மர்ளியா கமராவை எடுத்ததும் அவசரமாகக் கையைத் தடுத்தாள்.

"மூடியத் தெறந்து காட்டவெல்லாம் தேவல்ல மர்ளியா. ஒங்கள எங்களுக்குத் தெரியாதா?"

தலவிலைப் புனித அன்னம்மாளே வழி திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இவளோ மூடியைத் திறந்து, கமராவைத் திருப்பி, "இல்ல, பாத்துக்கங்க. இதுல ஒண்டும் இல்ல" என்றாள். உண்மையாகவே ஒன்றும் இல்லை. கையிலிருந்த லைட்டை அவள் தலையில் போடலாம் போல இருந்தது.

பிறகு ஸஹ்றாவைக் கூட்டி வந்தார்கள். கமராவுக்குப் பின்னால் இருந்த மர்ளியாவின் நெற்றி அப்படியே முன்னால் வந்து உட்கார்ந்தது. மர்ளியா அன்றைக்குக் கமராவைக் கண்ணிலிருந்து இறக்கவே இல்லை. மாப்பிள்ளை வந்து தாலி கட்டும்போதும், பெண்கள் வந்து பெண்ணைக் கொஞ்சும்போதும், ஒன்றும் நடக்காத நேரத்திலும் எடுத்துக்கொண்டே இருந்தாள். சும்மா பார்த்தால் சனம் கதைக்கும். கமராவால் பார்த்தால் அது வேலை. மகளைக் கண்ணாரப் பார்க்க அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

"நாடியக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். "இந்தப் பக்கம் பாருங்க" என்றாள். மகள் என்கிற சொல் மட்டும் வரவில்லை. வருகிறதா வருகிறதா என்று லைட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் விக்கியது போல அந்த இடத்தில் ஒவ்வொரு தரமும் நின்று, மற்றச் சொல்லுக்குப் போனாள். மற்றப் பெண்கள் லைட்டுக்குக் கண் கூசுவார்கள். இந்தப் பிள்ளை கூசாமல் கமராவை நேருக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தது.

பொழுது பட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு சனம் குறைந்தது. மர்ளியா கார்ட்டைக் கழற்றிச் சின்னப் பெட்டிக்குள் போட்டு ஸஹ்றாவின் கையில் வைத்தாள். பிறகு தன் பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து அதற்கு மேல் வைத்தாள்.

"இது என்ன?" என்று பிள்ளை கேட்டது.

"அதுல கொஞ்சம் தான் இரிக்கி. தனியா இரிக்கக்குள்ள பாருங்க."

ஸஹ்றா விரல்களை மடக்கிக்கொண்டாள். "ஜஸாக்கல்லாஹ்" என்றாள், எல்லாப் பெண்களும் நன்றி சொல்வது போல. அவ்வளவுதான்.

ஓட்டோவில் ஏறியதும் கேட்டேன். "நீ அவள்ட படத்த வச்சிக்கத்தான் அத வாங்கினாய் எண்டு நினைச்சன்."

"அவட படத்த நான் வச்சிக்கிட்டா அது களவு. என்ட படத்த அவக்குக் குடுத்தா களவில்லத் தானே." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "அவக்கு என்ட முகம் தெரியாது யூஜினி. எங்கயும் ஒரு கலியாண வீட்டுல என்னக் கண்டிருந்தாலும், கமரா மறைச்சிக்கிட்டு இரிந்திருக்கும்."

அதற்குப் பிறகு அந்தப் பட்டன் போன் எங்கே அடித்தாலும் ஓடி வருவாள். வெங்காயம் எடுக்கிறவர்களாக இருக்கும், இல்லாவிட்டால் வேறொரு கலியாண வீடாக இருக்கும். ஓம், ஓம் என்று கதைத்துவிட்டு, போனைத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். கேட்டால், "ஒண்டுமில்ல" என்பாள். அந்த ஒண்டுமில்லையைக் கேட்கவே எனக்குப் பொறுக்காது.

அடுத்த கலியாணத்துக்குக் கார்ட் வாங்க மறுபடி றிஸ்மினிடம் போனோம். எங்களைக் கண்டதும் அவன் 128 ஜிபி கதையைத் தொடங்கவில்லை.

"நீங்க கார்ட் குடுத்த புதுப் பொண்ணு வந்தா ராத்தா, கலியாணத்துக்கு மறுநாளே. கார்ட் பெட்டியில எங்கட கடை ஸ்டிக்கரக் கண்டாவாம். இந்தக் கார்ட் போனுக்குள்ள போகாது தானே, போன்ல வச்சுப் பாக்க ரீடர் வேணுமாம். மாப்புள வாங்கிக் குடுத்தாரு. வீட்டுக்குப் போகும் வரைக்கும் பொறுக்க ஏலாமப் போச்சு போல, ஓட்டோவுக்குள்ளயே வச்சுப் பாத்தா. நான் அங்கால திரும்பிக்கிட்டன்." லாச்சியைத் திறந்து டேப் ஒட்டிய சின்னப் பொதி ஒன்றை எடுத்தான். "முந்தாநாத்து திரும்ப வந்து இதத் தந்தா. இதுல இரிந்த படத்தயெல்லாம் தன்ட போனுக்கு எடுத்துக்கிட்டு, தன்ட படம் ஒண்டு போட்டிரிக்காவாம். 'அவங்க எப்படியும் கார்ட் வாங்க வருவாங்க, அப்பக் குடுங்க' எண்டு."

உள்ளே அந்தப் பழைய 4 ஜிபி கார்ட்.

மர்ளியா அங்கேயே கமராவின் மூடியைத் திறந்தாள். காலியாகவே கிடந்த அந்த இடத்தில் முதல் தடவையாக ஒரு கார்ட் ஏறியது. திரையில் படம் வரவில்லை. இந்தப் படத்தைக் காட்ட முடியாது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

"போன்ல எடுத்த படத்த சில கமரா காட்டாது ராத்தா" என்றான் றிஸ்மின். "தாங்க, கொம்பியூட்டர்ல போட்டுக் காட்டுறன்."

கையை நீட்டினான். இவள் கார்ட்டைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பெண்ணின் படம். முக்காடு போட்டு எடுத்ததோ, போடாமல் எடுத்ததோ, யாருக்குத் தெரியும்.

"வேணாம் தம்பி."

வந்த வேலையை மறந்து, கார்ட் வாங்காமலே கடையை விட்டு இறங்கினாள். பஸ்ஸில் வழி முழுக்கக் கையைத் திறக்கவில்லை. ரைவர் ஒவ்வொரு ஹோல்ட்டிலும் நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். கொண்டக்டரோடு நான் சண்டைக்குப் போனேன்.

என் மகள் டெனிஷாவின் லெப்டொப்பில் கார்ட் போட இடம் இருக்கிறது. மர்ளியாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் உட்கார வைத்து, கார்ட்டைப் போட்டேன். ஒரேயொரு படம் வந்து நின்றது, திறக்காத சின்னக் கட்டமாக. "அதுல வச்சு ரெண்டு தரம் அமத்து" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பார்க்க ஆசை இல்லாமல் இல்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அது அவளுக்கென்று வந்தது.

உள்ளே அமத்துகிற சத்தம் இரண்டு தரம் கேட்டது. பிறகு, "மகள்" என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "மகள்."

நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீருக்குக் கேத்தலை வைத்தேன்.