தீவுப் படமும் தேத்தண்ணித் தட்டும்

என் அண்ணைக்குப் பழைய ஹாலிவுட் தீவுப் படங்கள் என்றால் விசர். எல்லாம் ஒரே கதைதான். கப்பல் உடையும். வெள்ளைக்காரன் ஒருவன் சட்டை கிழிந்து, தலைமயிர் மட்டும் கலையாமல் கரை ஒதுங்குவான். காதோரம் பூ வைத்த ஒருத்தி இளநீரோடு ஓடி வருவாள். பிறகு சுறா வரும், இல்லையென்றால் எரிமலை குமுறும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, மொன்றியல் வில்லரேயில் எங்கள் வீட்டு மேல்மாடியில் தனியே இருக்கும் மனுசன், இதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் மூக்கைச் சிந்துவார்.

"நானும் தீவான்தானே பிள்ளை," என்பார். மன்னாரில் பிறந்த உரிமையாம்.

"மொன்றியலும் தீவுதான் அண்ணை. இஞ்ச ஒருத்தியும் இளநீர் கொண்டு வாறாளில்லை," என்பேன்.

என் வாய் முகூர்த்தமோ என்னவோ, ஒருவர் வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்து நூலகத்தில் வியாழன் பின்னேரங்களில் பழைய படம் போடுவார்கள். ஒருநாள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், நல்ல தமிழில், "அய்யய்யோ, இது தென்னையே இல்ல! காயைக் கம்பியில கட்டித் தொங்கவிட்டிருக்காங்க!" என்றதாம். அண்ணை பின்வரிசையிலிருந்து, "சாரமும் பிழையாத்தான் கட்டியிருக்கினம். ரெண்டடி நடந்தா அவிழ்ந்து விழுந்திடும்," என்றாராம். நூலகக்காரி இரண்டு பேரையும் முறைத்தாராம். அவ்வளவுதான் அறிமுகம்.

அவர் தமிழ்நாட்டுக்காரி. தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயக் கல்லூரியில் மரஞ்செடிகளின் நோய்களைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து பல வருடம். அங்கிருந்து ரயிலும் மெட்ரோவும் பிடித்துக் கிழமைக்கு ஒரு தடவை எங்கள் நூலகத்துக்கு வருவார்.

"ஏன், அவையின்ர பக்கம் நூலகமே இல்லையோ?" என்று கேட்டேன்.

"அங்க இந்தப் படங்கள் போடுறேல்லையாம்," என்றார் அண்ணை, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் பிறகு கேட்கவில்லை. அண்ணி போனபிறகு இந்த மனுசன் விளக்குக் கூடப் போடாமல் சட்டியோடு நின்று சாப்பிட்டவர். இப்போது வியாழன் காலையில் சீட்டியடித்துக்கொண்டு சேர்ட் அயர்ன் பண்ணுகிறார். அண்ணை அவரை "மேடம்" என்பார், அவர் அண்ணையைச் "சார்" என்பார். எந்த மரம் போலி, எந்த ஓடம் அட்டை, எந்தச் சுறா ரப்பர் என்று மணிக்கணக்கில் தொலைபேசியில் கதை. இதுதான் அவர்களுடைய காதல் வசனம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

மாசியில் ஒருநாள் அண்ணை கீழே இறங்கி வந்து என் குசினிக் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"அவ சித்திரையோட வன்கூவருக்குப் போறாவாம். மகன் வந்து இருக்கச் சொல்லுறானாம். வீட்டையும் விக்கப் போறாவாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நல்லது மேடம், அங்க குளிர் குறைவு எண்டு சொன்னன்."

கையிலிருந்த அகப்பையால் ஒன்று போடலாம் போல வந்தது. "உங்களுக்கென்ன விசரே? போகாதேங்கோ எண்டு கேக்கிறதுக்கென்ன?"

"என்னெண்டு பிள்ளை கேக்கிறது? அவ மாட்டன் எண்டு சொன்னால்?"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. அதற்குமேல் எனக்கு ஏச மனம் வரவில்லை. மேடம் போனால் மேல்மாடி திரும்பவும் இருட்டாகிவிடும் என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிறு பின்னேரம் மேடத்தை வீட்டுக்குப் படம் பார்க்கக் கூப்பிடுவது, படம் முடிய மனதிலிருப்பதைக் கேட்பது என்று முடிவாயிற்று. நான் சொன்னது அவ்வளவுதான். பிறகு அண்ணையின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. தனி ஆம்பிளை வீட்டுக்கு ஒரு பெண் எப்படித் தனியே வருவது? ஆகவே என்னையும் என் மனுசனையும் கூப்பிட்டார். நாங்கள் மட்டும் இருந்தால் பெண் பார்க்கும் வைபவம் போல இருக்குமே? ஆகவே எங்கள் மாதா கோயில் ஆட்களையும் கூப்பிட்டார். ஞாயிறு மூன்று மணிக்கு வாசலில் பூட்ஸ் மலை. மேடம் சைவம் என்று எனக்குப் புதுச் சட்டி, புது எண்ணெய் வாங்கித் தந்து மரக்கறி ரோல் வேறு பொரிக்க வைத்தார்.

மேடம் வந்தார். வாசலில் சனத்தைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். பாவம், நல்ல நீலப் பட்டு. அண்ணை அவரைக் கொண்டுபோய்த் தொலைக்காட்சிக்கு நேர் முன்னால், பெரிய தனிக் கதிரையில், பரிசளிப்பு விழாப் பிரதம விருந்தினர் போல இருத்தினார். பக்கத்தில் ஒரு ஸ்டூல் கூட இல்லை.

இவராவது எங்கேயாவது இருந்தாரா? எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். விருந்துக்குக் கூப்பிட்டவன் இருக்கக்கூடாது. தட்டோடு சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கப்பல் உடைந்தபோது அண்ணை ரோல் கொண்டு வந்தார். கதாநாயகி முத்துக் குளித்தபோது கேக் கொண்டு வந்தார். கரையில் அவனும் அவளும் முகத்தோடு முகம் நெருங்கியபோது தேத்தண்ணித் தட்டோடு திரைக்கு முன்னால் வந்து நின்று, "சீனி காணுமே, இன்னும் போடட்டோ?" என்று கோயில் ஆட்களைக் கேட்டார். தட்டு அசைய அசைய முத்தம் முழுவதும் அவருடைய முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்தது. மேடத்தின் தோள் குலுங்கியது. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

கடைசியில் அவனைத் தேடிக் கப்பல் வந்தது. அவன் ஏறிப் போனான். அவள் கரையில் பூவோடு நின்றாள். முடிந்தது. விளக்கைப் போட்டோம்.

"நல்ல படம்," என்றார் என் மனுசன். அரைவாசி நேரம் நித்திரை.

"என்ன நல்ல படம்?" என்றார் மேடம், திரும்பிப் பார்க்காமலே. "படம் பூரா மீன் சுட்டுக் குடுத்தா, இளநி வெட்டிக் குடுத்தா. இருன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? அவன் எப்படி இருப்பான்?"

நான் அண்ணையைப் பார்த்தேன். கண்ணால் கெஞ்சினேன். அவர் வெறும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு, "இன்னொரு ரோல் எடுங்கோ மேடம்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. மேடம் எழுந்தார். "ரயிலுக்கு நேரமாச்சு சார்," என்றார். வாசல் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு ஒரு பூட்ஸைப் போட்டார், மற்றதையும் போட்டார். கோயில் ஆட்கள் எல்லாரும் வழியனுப்பச் சுற்றி நின்றார்கள். அண்ணை அவருடைய கோட்டை எடுத்து வந்தார். நீட்டவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், கோட்டு."

"தரமாட்டன் மேடம்," என்றார் அண்ணை. "வன்கூவருக்குப் போகாதேங்கோ. இஞ்ச இருங்கோ. என்னோட இருங்கோ. நான் கேக்கிறன்."

கோயில் ஆட்களில் ஒருத்தி யேசுவே என்றாள். மேடம் அண்ணையைப் பார்த்தார், பிறகு சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"இதைக் கேக்க இத்தனை பேரு வேணுமா சார்?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.