பெயர் இல்லாமல் வந்த எச்சரிக்கை

அந்த வாரம் முழுவதும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. என் கணவர் டேவிட் எங்கள் தோட்டத்தில் செம்பனை லாரி ஓட்டினார். ஒரு நாள் லாரியை நிறுத்திவிட்டு, மூச்சு விட முடியாமல் பாதையோரத்தில் சாய்ந்துவிட்டார். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை அறுவை சிகிச்சைக்கு வியாழக்கிழமை நாள் கொடுத்தது. முன்பணத்தை என் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றார்கள். அது தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் லயத்து வீடுகளில் கார்டு வைத்திருந்தவள் நான் மட்டும்தான். அந்தக் கார்டைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை.

நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் வேலை பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல், என் மின்னஞ்சலைத் திறந்தேன். வங்கியின் பெயரில் ஒரு கடிதம் வந்திருந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தொடங்கியது. என் கணக்கில் கோளாறாம். கார்டு எண், அது முடியும் தேதி, அடையாளக் கார்டு எண், தாயாரின் பெயர் எல்லாவற்றையும் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டுமாம். அனுப்பாவிட்டால் கார்டு ரத்து.

கார்டு ரத்தானால் வியாழக்கிழமை என்ன ஆகும்? கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் தட்டினேன்.

பக்கத்து மேசை சரோஜா எட்டிப் பார்த்தாள். "மணி நாலு தாண்டிருச்சுக்கா. சட்டுனு அனுப்பிடுங்க லா. கார்டு போயிருச்சுன்னா அண்ணன் ஆப்பரேஷனுக்கு யாரு பணம் கட்டுறது?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்த விரல் போகவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்காலில் நிற்கக்கூட இடம் இல்லை. பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே ஜெபித்தேன்.

"ஆண்டவரே, எனக்கு ஒன்னும் விளங்கல. என் பேரு உமக்குத் தெரியும். என் புருஷன் பேரு உமக்குத் தெரியும். நான் என்ன செய்யணும்னு நீரே காட்டும்."

'பேரு' என்று சொன்ன இடத்திலேயே மனம் நின்றுவிட்டது. வங்கியிலிருந்து இதுவரை வந்த ஒவ்வொரு கடிதத்திலும் என் முழுப் பெயர் இருந்தது. எல்லாம் தோட்டத்து முகவரிக்குத்தான் வந்தன. என் மின்னஞ்சல் முகவரியை நான் வங்கிக்குக் கொடுத்ததே இல்லை. பின் இவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஓடி வந்து சரோஜாவிடம் சொன்னேன். அவள் தன் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாள். அதே கடிதம், அதே வரிகள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குத்தான் கார்டே இல்லையே, அக்கா."

அப்போதும் என் பயம் தீரவில்லை. ஒருவேளை எனக்கு வந்தது மட்டும் நிஜமாக இருந்தால்? கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதைத் தொடாமல், கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒரே லைன்தான். போன் பேச வேண்டுமானால் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் ஐந்து மணிக்குள் பதில் போகாமலே போகலாம். "நீரே பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தேன்.

கார்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி, காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சுவரில் மணி ஐந்தை நெருங்கியது. ஒருவழியாக வங்கியிலிருந்து ஒரு மலாய்ப் பெண் பேசினார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "எதுவும் அனுப்பிவிட்டீர்களா, புவான்?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வங்கி ஒருநாளும் இப்படிக் கேட்காது, என் கார்டுக்கு ஒரு குறையும் இல்லை, அனுப்பியிருந்தால் வேறு யாரோ அதை ஒரே நாளில் காலி செய்திருப்பார்கள் என்றார். நான் மேசையில் தலை வைத்து அழுதேன். சரோஜாவும் அழுதாள்.

வியாழக்கிழமை அதே கார்டில் முன்பணம் கட்டினோம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டேவிட் கண் விழித்ததும், "சாப்டியா புள்ள?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக நான் ஆண்டவருக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன்.

முன்பெல்லாம் அவசரத்தில் முடிவெடுத்துவிட்டு, பிறகு ஜெபிப்பேன். இப்போது முதலில் ஜெபிக்கிறேன். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் பெயரைச் சொல்லாமல், பயமுறுத்தி, இப்போதே கார்டு எண்ணைக் கொடு என்று எந்தக் கடிதம் வந்தாலும் பதில் எழுதாதீர்கள். அதில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். கார்டின் பின்பக்க எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

அதற்கும் முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டாலும் அவருக்குக் கேட்கும். எனக்கு அவர் பதில் சொன்னார். உங்களுக்கும் சொல்வார்.