ஆவிக் குழாயில் கட்டிய கூடு

மனைவி தலைப்பிரசவத்துக்காக யாழ்ப்பாணம் போனபின், கிளிநொச்சிக் குடியேற்றக் காணி வீட்டில் நான் தனியே இருந்தேன். அவள் பிள்ளையோடு வந்தால் சுடுதண்ணீர் வேண்டுமே என்று, மூடிய பழைய பீப்பா ஒன்றை அடுப்பில் ஏற்றினேன். குளியலறைக்குத் திறந்து மூடும் ஒரு குழாயும், ஆவி வெளியேற மேலே ஒரு சின்னக் குழாயும் பொருத்தினேன்.

ஒரு வாரம் அடுப்பு மூட்டவில்லை. அதற்குள் குளவியொன்று ஆவிக் குழாயை மண்ணால் அடைத்துக் கூடு கட்டிவிட்டது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். உடைக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரந்தானே என்று நெருப்பை மூட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்துக் காணி அக்கா கேட்டார்: "தம்பி, பெஞ்சாதியிட்டையிருந்து கடிதம் வந்ததோ?"

"இன்னும் இல்லை அக்கா" என்று எழுந்து வேலியடிக்குப் போனேன். அன்று நான் வாய் திறந்தது அப்போதுதான். எனக்குப் பின்னால் பீப்பா வெடித்தது. நான் இருந்த இடமெல்லாம் கொதிநீர்.

"ஆவி போக வழியில்லாமலே நெருப்பு மூட்டினனீங்கள்?" என்றார் அக்கா. கூட்டைக் காட்டினேன்.

அடைத்த குழாயைச் சுத்தம் செய்து, புதுப் பீப்பாவில் பொருத்தி வைத்திருக்கிறேன். இப்போது ஆவிக் குழாயில் கம்பி விட்டுப் பார்த்த பிறகே அடுப்பு மூட்டுகிறேன். குளவி கூடு கட்டியதைக் கண்ட அன்றே மனைவிக்கு எழுதியிருந்தேன். நானே அதைப் பெயர்த்ததை இன்னும் எழுதவில்லை.