கொட்பிறி தேடிய பத்தாவது ஆள்

கொட்பிறி என்னுடைய மனிசன். அவரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தால் உலகம் முடிந்துவிடும். அதனால் நானே எழுதுகிறேன். மனைவி எழுதினால் புகழ்ந்துதான் எழுதுவாள் என்று நினைப்பவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியாது.

மன்னாரில், பேசாலையில் தகப்பனின் மீன்பிடி வள்ளத்தில் வளர்ந்தவர். வலை இழுக்கும் நேரத்தில் அந்த வள்ளத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லையாம். தகப்பனின் முகத்தைப் பார்த்தே எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காவிட்டால் அடி. மெல்பேர்னுக்கு வந்து கோழித் தொழிற்சாலை, பள்ளிக்கூடம் கூட்டும் வேலை என்று அலைந்து, கடைசியில் பிறன்ஸ்விக்கில் ஒரு சின்ன யூதத் தொழுகைக்கூடத்தில் போய் ஒட்டிக்கொண்டார். கதவு திறப்பது, கூட்டுவது, கதிரை அடுக்குவது, பூட்டுவது. கிளென்ரோயில் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய் வருவார்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும்வரை லைட்டைப் போடமாட்டார்கள், கார் ஓடமாட்டார்கள், போனைத் தொடமாட்டார்கள். 'லைட்டைப் போடு' என்று இன்னொருவரிடம் சொல்லவும் கூடாது. ஆனால் 'இருட்டாக இருக்கிறது' என்று தன்பாட்டுக்குச் சொல்லலாம். பக்கத்தில் நிற்கும் வேற்று மதத்துக்காரர் தானாக விளங்கிக்கொண்டு போட்டால் சரி. இந்த வேலைக்குக் கொட்பிறியை விட்டால் வேறு ஆள் ஏது? வீட்டில் நான் நாலு தரம் கத்தினாலும் காதில் ஏறாத மனிசன், அங்கே ஒரு கிழவர் கைகளைத் தேய்த்தாலே ஹீட்டர் போட ஓடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கிழவர்களில் மூத்தவர் மிஸ்டர் பிங்கஸ். தொண்ணூறு வயது. போலந்தில், வார்சோ நகரத்தில் பிறந்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் குடும்பம் முழுவதும் போய், இவர் ஒருவர்தான் மிஞ்சினார். இவருக்கு ஒரு தம்பி இருந்தான். நாலு வயதுப் பிள்ளை. யூதர்களை ரயிலில் அள்ளிக்கொண்டு போய்க் கொன்ற அந்தக் கோடையில் அவனும் போனான். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று, இறந்தவர்களுக்காகச் சொல்லும் கடிஷ் என்ற செபத்தைச் சொல்லுவார். கத்தோலிக்கரான நாங்கள் ஆண்டுத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதுபோல. ஒரு வித்தியாசம்: எங்களுக்குப் பூசை வைக்க ஒரு சுவாமி வந்தால் போதும். அவர்களுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பத்துப் பேரும் யூதராக இருக்கவேண்டும். தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர். ஒன்பது பேர் நின்றால் ஒருவரும் நிற்காத மாதிரித்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடிக் குளிரில், அந்த நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. அன்றைக்கு றொகானின் மகளுக்கு முதல் நன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். றொகான் என் தம்பி, ட்ருகனினாவில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. பின்னேரம் விருந்து. கொட்பிறியைக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் மத்தியானமே சேலை உடுத்திக்கொண்டு தொழுகைக்கூடத்துக்குப் போனேன். றொகான் எங்களை அங்கே வந்து ஏற்றுவதாக ஏற்பாடு.

உள்ளே ஒன்பது கிழவர்கள். இரண்டு பேர் வாங்கில் நித்திரை, மற்றவர்கள் ஊறவைத்த மீனும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாவது ஆள் முதல் நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில். காலைத் தொழுகையில் கடிஷ் சொல்ல முடியாமல் போய்விட்டது. பொழுதுபடுமுன் பின்னேரத் தொழுகை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு ஆள் கிடைக்காவிட்டால் தம்பியின் நாள் முடிந்துவிடும். யூதர்கள் நெருக்கமாக இருக்கும் கோல்ஃபீல்ட், நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. காரில் போகக்கூடாது, தொண்ணூறு வயதில் நடந்து போகவும் முடியாது.

"நான் தெருவில் தேடிப் பார்க்கிறேன்" என்று மிஸ்டர் பிங்கஸ் எழுந்தார். கொட்பிறியும் கூடவே எழுந்தார்.

"ஏன், நீங்களும் போகவேணுமே? விருந்துக்கு நேரமாகுதெல்லே!" என்றேன்.

"மனிசன் தனிய விழுந்து கிழுந்து போனா? நீரும் வாருமன், மாக்கிறேட்."

நானும் போனேன். பத்தாவதாக என்னை எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன், ஆனால் பெண்களையும் எண்ணமாட்டார்களாம். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

மழை தூறியது. ஓய்வுநாளில் குடை விரிக்கவும் கூடாது. கொட்பிறி தன்னுடைய குடையை விரித்தார், மிஸ்டர் பிங்கஸ் அதற்குள் வரவில்லை. உடனே இவரும் மடக்கிவிட்டார். பட்டுச் சேலையோடு நான் ஒருத்தி மட்டும் குடைபிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மிஸ்டர் பிங்கஸ் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டியிருந்தார். பையில் வைத்தால் சுமையாகிவிடும், தெருவில் சுமக்கக்கூடாது.

மெல்ல நடந்து நடந்து காட்டிக்கொண்டு போனார். இது பனியன் பின்னும் தொழிற்சாலை, முதலாளியும் நம்மவர், தொழிலாளியும் நம்மவர், சண்டையும் நமக்குள்தான். இப்போது அது அடுக்குமாடி வீடுகள். இது இறைச்சிக்கடை. வெள்ளிக்கிழமை வாசல்வரை பெண்கள் நிற்பார்கள். இப்போது அங்கே நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். இந்த மாடியில் நாடகம் போடுவோம், நான் எப்போதும் வைத்தியர் வேடம். அந்த மாடிக்கு 'வாடகைக்கு' என்று பலகை கட்டியிருந்தது. வார்சோவில் தன் தெருவில் இருந்த கடைக்காரர் பெயரெல்லாம் முதலில் சொன்னார், பிறகு பிறன்ஸ்விக்கில் இருந்தவர்களின் பெயர்களையும் அப்படியே சொன்னார். அங்கே கொன்றார்கள். இங்கே பிள்ளைகள் படித்து, காசு சேர்ந்து, நல்ல இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இரண்டு இடத்திலும் தெரு வெறும் தெருவாகத்தான் நின்றது. எனக்கு வென்ட்வேர்த்வில்லில் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகள் நினைவுக்கு வந்தன. ஒரு நாளைக்கு யாரோ ஒரு கிழவர் அங்கேயும் இப்படி நடந்து காட்டுவார் என்று நினைத்தேன்.

கொட்பிறி கடைகளைப் பார்க்கவில்லை. கதவு நிலைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார். யூதர் வீட்டு நிலையில் வலது பக்கம், தோள் உயரத்துக்கு மேலே, வேதவசனம் வைத்த ஒரு சின்ன உறையைச் சரிவாக அடித்திருப்பார்கள். ஆட்கள் வீடு மாறினாலும் ஆணி ஓட்டையும் அச்சும் பெயின்றுக்குக் கீழே கிடக்கும். அப்படி அச்சுக் கண்ட வீட்டிலெல்லாம் இவர் மணி அடித்தார். மிஸ்டர் பிங்கஸ் மணியைத் தொடமாட்டார், அதற்கும் கரண்ட்.

ஒரு வீட்டில் வியட்நாம் குடும்பம். ஒரு வீட்டில் நாய் மட்டும் குரைத்தது. மூன்றாவது வீட்டில் கழுத்தில் ஃபுட்போல் சால்வையோடு ஒரு இளைஞன் வந்தான். மிஸ்டர் பிங்கஸ் கேட்டதும் சிரித்தான்.

"அம்மம்மா யூதர்தான். அம்மாவும் அப்படியென்றால் யூதர்தான். ஆனால் நான் இல்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது."

"நம்பிக்கை வேண்டாம். பத்து நிமிடம் நின்றால் போதும்" என்றார் மிஸ்டர் பிங்கஸ்.

"மன்னிக்கவேண்டும். மட்ச் பார்க்கப் போகவேண்டும், கூட்டாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள்." கதவை மெதுவாகத்தான் சாத்தினான், நல்ல பிள்ளை. எனக்கு அந்தக் கதவை உதைக்கவேண்டும் போல இருந்தது.

திரும்பி வரும்போது வானம் மங்கத் தொடங்கிவிட்டது. மிஸ்டர் பிங்கஸ் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவன் பெயர் ஹெர்ஷல்" என்றார் எங்களிடம். "தொழுகைக்கூடச் சுவரில் இறந்தவர்களின் பெயரைப் பித்தளையில் அடிப்பார்கள். உடலைக் காணாத நான் எப்படி அடிப்பேன் என்று அவன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். இங்கே ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது." பிறகு எங்களைப் பார்க்காமல், ஈரமான வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு ஆள். ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும்."

கொட்பிறியின் முகம் மாறியதை நான் கண்டேன். கயிறு பிடிக்கச் சொல்லிவிட்டார்கள் என்ற முகம்.

தொழுகைக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் றொகான் காரோடு நின்றான். கோட் சூட், புதுச் சப்பாத்து. மிஸ்டர் பிங்கஸை உள்ளே விட்டுவிட்டு இவர் அவனிடம் ஓடினார். கொச்சியில் யூதர் இருந்தார்கள், எங்களைப்போலக் கறுப்பு, நீ கொச்சியால வந்தவன் எண்டு சொல்லுவம், பேசாமல் நில், மற்றவை ஆமென் எண்டேக்க நீயும் சொல்லு. இதுதான் திட்டம்.

"அத்தான், பாவமெல்லே?" என்றான் றொகான்.

"ஒரு கிழவன்ர தம்பிக்குச் செபம் சொல்லுறது பாவமே? எங்கட ஊரில செபமாலைக்குச் சைவக்காரரும் வந்து இருக்கிறவை. ஆரும் எண்ணிக்கொண்டு நிண்டவையே?"

"இவையள் எண்ணுறவை!" என்று நான் கத்தினேன். "அவை எண்ணுறதுதான் அவையின்ர செபம். வேண்டாமப்பா, காரில ஏறுங்கோ."

கேட்கவில்லை. என் சொல் என்றைக்கு ஏறியது? முழங்கால் மடிக்காதே, தீர்த்தத் தொட்டி தேடாதே என்று சொல்லிச் சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனார். வாசல் பெட்டியிலிருந்து ஒரு சின்னத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். நான் பெண்கள் இருக்கும் திரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

கிழவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நித்திரை கொண்டவர்களும் எழும்பிவிட்டார்கள். கொச்சியா, கொச்சியா என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மிஸ்டர் பிங்கஸ் மட்டும் அவனை உற்றுப் பார்த்தார்.

"உன் அம்மாவும் நம்மவர்தானே?"

றொகான் நான் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தான். "ஓம். யெஸ். அம்மாவும்."

எங்கள் அம்மா மன்னார்ச் சேமக்காலையில், சிலுவைக்குக் கீழே படுத்திருக்கிறா. திரையைப் பிடித்துக்கொண்டு நான் பல்லைக் கடித்தேன்.

தொழுகை நடந்தது. யன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கடைசியில் மிஸ்டர் பிங்கஸ் கைகளால் முன்வாங்கை ஊன்றி எழுந்து நின்று தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் தொண்ணூறு வயதுக் குரல் இல்லை. சத்தியமாக ஒரு பெடியன் தம்பியைக் கூப்பிடுகிற குரல்தான். எனக்குக் கண்ணீர் வந்தது. கொட்பிறி செய்தது சரிதானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். றொகானும் வாய் நிறைய ஆமென் என்றான். என்றதும் அவனுடைய வலக்கை தானாக எழும்பியது. நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். நாற்பது வருடப் பழக்கம், அதுவும் காலையில்தான் மகளின் முதல் நன்மைப் பூசையில் முழந்தாளில் நின்று சிலுவை போட்ட கை.

மிஸ்டர் பிங்கஸ் அவனுக்கு நேரே நின்றார். செபம் பாதியில் நின்றுவிட்டது.

றொகான் தொப்பியைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். மிஸ்டர் பிங்கஸ் கொட்பிறியைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது நீயா செய்தாய்?"

"ஒரு ஆள் இருந்தால் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

"அதை நான் உன்னிடம் சொல்லவில்லை, கொட்பிறி" என்றார். விரலை மேலே காட்டினார். "அவரிடம் சொன்னேன்."

"நாளைக்கு நான் உங்களைக் காரில் கோல்ஃபீல்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே நூறு பேர் நிற்பார்கள்."

"நாளைக்கு வேறு நாள்."

றொகானின் காரில் நாங்கள் விருந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேக் வெட்டி முடிந்திருந்தது. றொகான் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான். கொட்பிறி காரை விட்டே இறங்கவில்லை.

வேலையிலிருந்து அவரை நிற்பாட்டவில்லை. மிஸ்டர் பிங்கஸ் வழக்கம்போல வந்தார், ஓய்வுநாள் வாழ்த்தாக குட் ஷபஸ் சொன்னார், உடம்பு எப்படி என்று விசாரித்தார். 'இருட்டாக இருக்கிறது' என்று எதையும் ஜாடையாகச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். கொட்பிறி அதை வீட்டில் வந்து சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அதைவிடக் கூடப் பாவமாக இருந்தது.

மார்கழியில் மிஸ்டர் பிங்கஸ் நித்திரையிலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். கோல்ஃபீல்டிலிருந்து கார் காராக ஆட்கள் வந்திருந்தார்கள். எண்ணினால் பத்துப் பத்தாக ஐந்து தரத்துக்கு மேல் வரும். எல்லோரும் மாறி மாறி மண் போட்டார்கள். ஒரு இளம் குருவானவர் மிஸ்டர் பிங்கஸுக்காகக் கடிஷ் சொன்னார், அத்தனை ஆண்களும் ஆமென் என்றார்கள். கொட்பிறி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கியபோது அவரைச் சுரண்டினேன். "போய்ச் சொல்லுங்கோ. ஹெர்ஷல் எண்டு ஒரு தம்பி இருந்தவன், அவனுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ எண்டு. இவ்வளவு பேர் நிக்கினம். உங்களுக்குத்தானே பெயர் தெரியும்?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் கேக்கிறன்" என்று ஒரு அடி வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு இறுக்கமாக அவர் என்னைப் பிடித்ததே இல்லை.

"வேண்டாம், மாக்கிறேட். அவையின்ர செபத்தை நான் ஒருக்காத் தொட்டது போதும்."

குருவானவர் எங்களைக் கடந்து போனார். தெரியாதவர்கள் என்றாலும் தலையை அசைத்து, வந்ததற்கு நன்றி சொன்னார். கொட்பிறியும் தலையை அசைத்தார். பிறகு கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. ஹெர்ஷலுக்கு ஒருவரும் கடிஷ் சொல்லவில்லை.