பதிவு யாருடைய பெயரில்?

அவருக்கு முப்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, கழுத்தில் தன் படம் போட்ட அட்டை. கதைக்கும்போது கைபேசியைச் சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். யாழ்ப்பாணத்துச் சிறு கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பது தொழில்.

குருநகரில் கருவாடு விற்கும் மேரி, தன் பெயரையே முகவரியாக வைத்து அவரிடம் ஒரு தளம் செய்வித்தார். கொழும்பிலிருந்தும் ஓடர்கள் வந்தன. பிறகு மேரியின் தொலைபேசி இலக்கம் மாறியது. புது இலக்கத்தைத் தளத்தில் போட அந்த மனிதருக்கு மாதக்கணக்காக நேரம் கிடைக்கவில்லை. ஓடர்கள் நின்றுபோயின. நான் காணி உறுதிகளைப் பதியும் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், மேரி என்னைத் துணைக்குக் கூட்டிப் போனார்.

"தளத்தை மேரியின்ரை கையிலை குடுத்திடுங்கோ" என்றேன்.

"அது என்ரை பேரிலையெல்லோ பதிஞ்சிருக்கு, ஐயா. அதுதான் வழமை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீடு கட்டின மேசன் உறுதியைத் தன்ரை பேரிலை எழுதுறவனோ?"

அவர் கோபப்படவில்லை. "அக்கா வேறை பேரிலை ஒண்டு தொடங்கட்டும். நானே செய்து தாறன்."

"ஞானஸ்நானத்திலை வைச்ச பேரை உனக்காக நான் மாத்தோணுமோடா?" என்று மேரி கத்தினார்.

அவர் என் பக்கம் திரும்பி, "ஐயாவுக்கும் ஒண்டு செய்வமோ?" என்று கனிவாகக் கேட்டார்.

அந்தக் கனிவு நடிப்பாக இருந்திருந்தால் அவரை அன்றைக்கே மறந்திருப்பேன். அது உண்மையான கனிவு.